ராஜாவின் தலைக்கு மேல் ஒரு விரற்கடை

ஹாருமர்சைல்,
செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 12, 2021

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மூத்த சகோதரி அவுக்யா அவர்களின் சமூகத்துக்குத் தம்பி வீபெ பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் ஹில்ட்யாவும் சுகம். என் இடது முழங்கால் சுகமில்லை, ஆனால் அது தனிக் கட்சி, அதை இதில் சேர்க்க வேண்டாம். க்ரோனிங்கனில் தாங்களும் பேரெண்ட் அத்தானும் தங்கள் பூனையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வருகிற இருபத்துமூன்றாம் தேதி தங்களுக்கு எண்பது வயது நிறைவதற்கு எங்கள் வாழ்த்துகள். பிறந்தநாளுக்கு முன்பே வாழ்த்துவது ஆகாது என்று ஹில்ட்யா பக்கத்திலிருந்து சொல்கிறாள். ஆகையால் மேற்படி வாழ்த்தைப் படிக்காமல் அப்படியே மடித்து வைத்திருந்து, இருபத்துமூன்றாம் தேதி காலையில் காபிக்குப் பிறகு படிக்கவும்.

தாங்கள் கேட்ட படம் கிடைத்துவிட்டது. இதே உறைக்குள் இரண்டு அட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. அதைக் கையை நன்றாக நீட்டிப் பிடித்துக்கொண்டு பார்க்கவும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் பல் பல்லாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு எப்படி வந்தது என்று தாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது என்றுதான் இந்தக் கடிதம்.

ஒன்பது நாளைக்கு முன்பு தாங்கள் போனில் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. “டேய் வீபெ, அப்பா செத்தப்போ வீட்டைக் காலி பண்ணோமே, அன்னைக்கு ஒரு படம் என் கைக்கு வந்துச்சு. துறைமுகக் காபிக்கடையில அப்பாவும் அம்மாவும் செஸ் ஆடிக்கிட்டிருக்காங்க. அம்மா அந்த வெள்ளைக் காலர் வெச்ச சட்டை போட்டுக்கிட்டு வாய் நிறையச் சிரிக்கிறா. அப்பாவும் சிரிக்கிறார். அழுகையில நான் சரியாக்கூடப் பாக்கல. அப்புறம் நீதான் பெட்டியோட தூக்கிட்டுப் போன. அது எனக்கு வேணும்.” எதற்கு என்று கேட்டேன். “என் பேரப்பிள்ளைங்க எங்க அப்பாவை ஒரு கல்லுன்னு நினைச்சுக்கிட்டிருக்குதுங்க. நான்தான் அப்படிச் சொல்லி வளர்த்தேன். அம்மா போனதுக்கப்புறம் அந்த மனுஷன் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்குக் கிடைச்சது கல்லுதான். அம்மா இருந்தவரைக்கும் அவரும் மனுஷனா இருந்திருக்கார்னு பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும். படம் இல்லாம நீ இந்தப் பக்கம் வந்துடாதே.” அதன் பிறகு நான் “சரிக்கா” என்று சொல்வதற்கு எட்டு நொடி ஆயிற்று. லைன் சரியில்லை என்று தாங்கள் நினைத்தீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் படத்தை நான் வெட்டிவிட்டேன், அக்கா. அதை மட்டும் வெட்டியிருந்தால் ஏதோ கை தவறியது என்று சொல்லலாம். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களை வெட்டியிருக்கிறேன்.

நான் பாலம் தூக்குகிற வேலையில் இருந்தபோது நவம்பர் முதல் மார்ச் வரை வாய்க்காலில் ஒரு படகும் வராது, ஆனாலும் பாலத்துக் குடிசையில் ஆள் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அப்படிக் குந்தியிருந்த காலத்தில்தான் பழைய படங்களைப் பார்த்துச் சதுரங்கக் காய்கள் எந்தப் பட்டறையில் எந்த வருஷம் கடைந்தவை என்று கண்டுபிடிக்கும் வட்டத்தில் சேர்ந்தேன், இது உனக்குத் தெரியும், நீ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைச் சொல்லித்தான் சிரிக்கிறாய். நாடு முழுவதிலுமிருந்து படங்கள் வரும். படத்தில் உட்கார்ந்திருப்பவர் மேயரா, ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவரா என்பது எங்களுக்குத் தேவையில்லை. குதிரையின் பிடரியில் எத்தனை கீறல், கோட்டையின் தலையில் எத்தனை பல், மந்திரியின் தலையில் இருக்கும் வெட்டு நேராக இறங்குகிறதா சாய்வாக இறங்குகிறதா, அடிப்பாகம் பெருத்திருக்கிறதா, உள்ளே ஈயம் வைத்திருப்பார்களா, இதெல்லாம்தான் விஷயம். இது ஒன்றும் லேசுப்பட்ட வேலை இல்லை. பழைய காலத்துப் பிலிமில் சிவப்பும் கறுப்பாகத்தான் விழும், அதனால் கறுப்பாகத் தெரிகிற காய் நிஜத்தில் ரத்தச் சிவப்பாக இருந்திருக்கலாம். இது போதாதென்று படம் எடுக்கும்போது மனிதர்கள் காயை நகர்த்துகிற மாதிரி பாவனை பண்ணுவார்கள். நகர்த்துவது எப்போதும் குதிரையைத்தான். குதிரையை வைத்துத்தான் பட்டறையையே சொல்ல முடியும், அந்தக் குதிரையைப் போய்க் கையால் பொத்திக்கொண்டு காமிராவைப் பார்த்து இளிப்பார்கள். மந்திரிக்கு முன்னால் ஒரு காபிக் கோப்பை இருக்கும். எனக்கு மனிதர்கள் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது அங்கேதான்.

ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்கு நாலு படம் வைப்பதற்கு இடம் போதவில்லை. பார்த்தால், படத்தில் பாதி இடத்தை முகங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ஆகவே 1987 குளிர்காலத்தில் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ராஜாவின் தலைக்கு மேல் ஒரு விரற்கடை விட்டு நேராக ஒரு வெட்டு. கீழ்ப்பாதி ஆல்பத்துக்கு. மேல்பாதி குப்பைக்கு. மற்றவர்கள் அனுப்பிய படங்களுக்குப் பிரதி எடுத்துக்கொண்டேன், ஆனால் நம் வீட்டுப் பெட்டியில் இருந்தவை நம்முடையவைதானே என்று அசலையே வெட்டினேன். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை, ஏனென்றால் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

உன் போனை வைத்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து ஹில்ட்யா யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு பெரிய ரஸ்க் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

“திற” என்றாள்.

உள்ளே முழுக்கத் தலைகள். தாடி வைத்த தலை, தொப்பி போட்ட தலை, சுருட்டுப் பிடிக்கிற தலை.

“அந்தக் குளிர்காலம் பூரா நீ கீழே போட்டதையெல்லாம் நான் பொறுக்கி வெச்சேன்” என்றாள். “மனுஷன் முகத்தைக் கூட்டிக் குப்பையில தள்ள எனக்குக் கை வரல.”

“முப்பத்துநாலு வருஷமா ஏன் சொல்லல?”

“நீ கேக்கல. உனக்கு இவங்க காணாமப் போனதே தெரியலையே.”

நான் தலைகளை எண்ண ஆரம்பித்தேன்.

பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மீதிப் பாதி பெரிய பாதி. என்னிடம் தலையில்லாத முந்நூற்றுப் பன்னிரண்டு மேஜைகள், அவளிடம் மேஜையில்லாத அறுநூறு சொச்சம் தலைகள். எனக்கு ஒவ்வொரு மேஜையும் தெரியும், எந்தத் தலையும் தெரியாது. அம்மா போனபோது எனக்கு நாலு வயது, அம்மாவின் தலையே எனக்குத் தெரியாது, அப்பா சிரித்தால் எப்படி இருப்பார் என்றும் தெரியாது. ஹில்ட்யாவோ நம் வீட்டுக்கு வந்ததே அதற்கு இருபது வருஷம் கழித்து. இப்படி ஆள் தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டு மேஜை, தையல் மேஜை, விருந்தினர் கட்டில் எல்லாவற்றிலும் தலைகளைப் பரப்பினோம். ஒன்பது நாள் நின்றுகொண்டே சாப்பிட்டோம். முதலில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்துப் பொருத்தினோம், அதில் ஒரு பாதிரியாரைப் பூப்போட்ட கவுனுக்குள் இறக்கிவிட்டோம். அவருக்கு அது நன்றாகவே இருந்தது, கழற்ற மனமில்லை. பிறகு சட்டைத் துணியை வைத்துப் பொருத்தினோம். அந்தக் காலத்தில் ஊரில் எல்லாரும் ஒரே கறுப்பு கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள், அதனால் ஒரே மேஜைக்கு நாற்பது பேர் உரிமை கொண்டாடினார்கள்.

ஐந்தாம் நாள் பசை நாற்றம் தாங்கவில்லை என்று ஹில்ட்யா ஜன்னலைத் திறந்தாள். நம் ஊர்க் காற்று உனக்குத் தெரியும். விருந்தினர் கட்டிலில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் எழுந்து வெளியே போனார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு ஹார்கெ தொப்பியைக் கிண்ணம் மாதிரி பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினான்.

“வீபெ, உங்க ஆளுங்க பதினேழு பேர் என் கோஸ் பாத்தியில படுத்திருந்தாங்க. ஒருத்தர் வாய்க்கால்ல போறார், அவருக்கு நீச்சல் தெரியுமா?”

நான் வலையை எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் ஹார்கெ என் நாற்காலியில் உட்கார்ந்து ஹில்ட்யா கொடுத்த சர்க்கரை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டு ஒரு தலையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது எங்க பெரியப்பா” என்றான். “இவர் எப்படி உன் கூட்டத்துல? இவர் ஜென்மத்துல செஸ் ஆடினதில்லையே.”

“படத்துல ஆடியிருக்காரே.”

“அவருக்கு டாம் மட்டுந்தான் தெரியும். வட்டக் காயைத் தாண்டித் தாண்டி எடுக்கறது. குதிரையைக் கண்டா பயப்படுவார்.”

“அப்ப வேடிக்கை பாத்திருப்பார்.”

“வேடிக்கை பாக்கற முகமா இது? தோத்துக்கிட்டிருக்கிற முகம்யா. எங்க வீட்டுல எல்லாருக்கும் தோத்தா இப்படித்தான் மூக்கு நீளும்.”

மேஜையைக் கண்டுபிடித்து அவன் முன்னால் வைத்தேன். வெள்ளை ஆட்டத்தில் கோட்டை இரண்டும் போய்விட்டது, ராணியும் போய்விட்டது. தோற்றுக்கொண்டுதான் இருக்கிறார். அந்த மேஜையை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். காய்கள் எங்கே கடைந்தவை, மரம் என்ன மரம், மெருகு என்ன மெருகு என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். யாரோ ஒருவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பதை நான் பார்க்கவே இல்லை.

கடைசியில் நம்மைக் காப்பாற்றியது ஹில்ட்யாவின் பழைய கோபம். எட்டாம் நாள் சாயங்காலம் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, “உன் கத்திரி ஒரு நாள் உடைஞ்சு போச்சே, ஞாபகம் இருக்கா?” என்றாள். “நான் துணி வெட்டற பல் கத்திரியை எடுத்துக்கிட்டுப் போய்க் காகிதத்துல வெச்சியே. காகிதம் வெட்டினா மொக்கையாயிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் நீ மன்னிப்புக் கேக்கல.”

கேட்டேன். உடனே கேட்டேன். ஏனென்றால் ஓரம் பல் பல்லாக இருக்கிற மேஜைகள் மொத்தம் ஒன்பதுதான், எல்லாம் நம் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தவை. ஓரம் பல் பல்லாக இருக்கிற தலைகளையும் பொறுக்கினோம். வெள்ளைக் காலர் வைத்த சட்டையில் வாய் நிறையச் சிரிக்கிற பெண் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு எதிரே அப்பா. 188-ஆம் எண் மேஜையில் கொண்டுபோய் வைத்ததும் பல்லுக்குள் பல் போய் உட்கார்ந்தது, தாழ்ப்பாள் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகவே எனக்குத் தோன்றியது.

ஆல்பத்தில் 188-க்குக் கீழே 1987-இல் நானே எழுதியிருக்கிறேன், வீன்ஹாலம் பட்டறை, போருக்கு முந்தியது, சுமார் 1938 என்று. சந்தேகமே இல்லை. குதிரையின் காது ஒரே உளி வீச்சில் விழுந்திருக்கிறது, கழுத்துக்குக் கீழே இரட்டை வளையம், கோட்டை சற்றுக் குட்டை. வேறு எந்தப் பட்டறையிலும் இப்படிக் கடைய மாட்டார்கள். துறைமுகக் காபிக்கடைக்காரர் காய் வாங்கின புதிதில் எடுத்த படமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் ஆனது 1939. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, பார்.

ஒட்டி முடித்து, பசை காய்வதற்காக ஹில்ட்யா வேதாகமத்தின் அடியில் வைத்தாள். நான் அதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். காய்களைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எழுபத்துநாலு வயதில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். நீ சொன்ன மாதிரியேதான் சிரிக்கிறாள். அப்பாவும் சிரிக்கிறார். பாலாடைக்கட்டி ஆலையிலிருந்து வந்து தொப்பியைக் கூடக் கழற்றாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரே, அந்த முகத்துக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. ஹில்ட்யா பசை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து ஈரத் துணி கொண்டுவந்தாள், நான் அவளைத் திருத்தவில்லை.

ஆகவே, அம்மா இருந்தவரை அப்பாவும் மனுஷனாக இருந்தார் என்ற தங்கள் கூற்று உண்மை என்று இதனால் நிரூபணமாகிறது. படத்தைப் பேரப்பிள்ளைகளிடம் தாராளமாகக் காட்டலாம். யாராவது ஏதாவது கேட்டால், வருஷம் 1938 என்று என் பெயரைச் சொல்லித் தைரியமாகச் சொல்லவும். இருபத்துமூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நாங்கள் அங்கே இருப்போம். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் என் முழங்காலுக்காக ஓர் இடம் கதவுப் பக்கமாக ஒதுக்கவும். பேரெண்ட் அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. பூனைக்கு ஹில்ட்யாவின் விசாரிப்பு. கடவுள் தங்களுக்கு நல்ல உடம்பையும், தம்பி செய்த காரியத்தைப் பொறுக்கிற மனதையும் தர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி
வீபெ

பின்குறிப்பு (புதன்கிழமை காலை): உறையை ஒட்டப் போகும்போது, படத்தின் பின்னால் பட்டறைப் பெயரை அழகாக எழுதி வைக்கலாமே என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன். வேறு எதற்காகவும் இல்லை, பழக்க தோஷம். அப்போதுதான் ராஜாவைப் பார்த்தேன். பல் கத்திரி எனக்குப் பழக்கமில்லாததால் அன்றைக்கு வெட்டு என் விதிப்படி விரற்கடை மேலே போகாமல் கீழே இறங்கிவிட்டிருக்கிறது. ராஜா இரண்டு பேருக்கும் தலை போய்விட்டது. முப்பத்துநாலு வருஷமாக அந்தத் தலைகள் ரஸ்க் டப்பாவில், வெள்ளைக் காலர் சட்டையின் ஓரமாக ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன. நான் தலையில்லாத ராஜாவை வைத்து 1938 என்று எழுதியிருக்கிறேன். நேற்று ஒட்டியபோது பார்த்திருக்க வேண்டும். நேற்றுத்தான் என் வாழ்நாளில் முதல் தடவையாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

தலையில் சிலுவை இல்லை, அக்கா. பட்டாணி மாதிரி ஓர் உருண்டை இருக்கிறது. உடைந்திருக்குமோ என்று பார்த்தேன், இரண்டு ராஜாவுக்கும் முழுசாக, ஒரே மாதிரி இருக்கிறது. இதன் அர்த்தம் எங்கள் வட்டத்தில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். வீன்ஹாலம் பட்டறையை 1957-இல் ஒரு சபை மூப்பர் வாங்கினார், ரொம்பக் கண்டிப்பானவர். சிலுவையை விளையாட்டு மேஜையில் வைத்துக் கவிழ்ப்பது பாவம் என்று சொல்லி முதல் வாரமே ராஜாவின் தலையை மாற்றிவிட்டார். மற்ற காய்கள் அத்தனையும் பழைய அச்சுத்தான். உருண்டைத் தலை இருந்தால் 1957-க்குப் பிந்தியது, இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. அம்மா போனது 1951.

ஹில்ட்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ராஜாவைப் பார்க்கவே இல்லை.

“ஒட்டும்போதே எனக்கு அந்த மோவாயைப் பாத்ததும் தோணிச்சு” என்றாள். “நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ உன் அக்காவோட மோவாய் இப்படியேதான் இருந்துச்சு. நீ அம்மா அம்மான்னு உருகிக்கிட்டிருந்த. பொண்ணு அம்மா ஜாடையாத்தானே இருக்கும்னு விட்டுட்டேன். தோள்ல பாரு, ரெண்டு பக்கமும் மடிச்சுத் தைச்சிருக்கு. பெரியவங்க சட்டையை ஒல்லியான பொண்ணுக்குப் பிடிச்சுத் தந்திருக்காங்க.”

அம்மா சிரிக்கிற படம் நம்மிடம் இல்லை, அக்கா. இருந்ததே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பது நீ. பத்தொன்பது, இருபது வயது இருக்கும், க்ரோனிங்கனுக்கு நீ அப்பாவோடு கோபித்துக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால். இப்போது மேஜையையும் ஒழுங்காகப் பார்த்தேன். அப்பாவின் ராஜாவுக்குப் போக ஒரு கட்டமும் இல்லை, உன் கை இன்னும் ராணியின் மேலேயே இருக்கிறது. தோற்றுப்போய் உட்கார்ந்துகொண்டு, உன்னைப் பார்த்துத்தான் அப்படிச் சிரிக்கிறார்.